அறிவிக்கப்பட்ட மின்தடை

கரண்ட் போய்விட்டது. ஒன்பது மணிக்குப் போகும் என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்கள், தெருவின் வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு அதையே அனுப்பியிருந்தார்கள், சொல்லி வைத்தாற்போல ஒன்பதுக்குப் போயும் விட்டது. கோவில்பட்டியில் சொன்ன நேரத்துக்கு நடக்கிற காரியம் இது ஒன்றுதான் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர சிரிப்பு வரவில்லை. சிரிப்பு மட்டுமல்ல, இப்போதெல்லாம் எதுவுமே உள்ளே போய்ச் சேர்வதில்லை, வாசலோடு நின்று திரும்பிவிடுகிறது. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் ஆக்சிஜன் மெஷின் ஒரு கணம் நின்றது. இன்வெர்ட்டர் டொக்கென்று மாறியது. பிறகு தண்ணீர்ப் புட்டிக்குள் குமிழி விடுகிற அந்தச் சத்தம், குடகுட குடகுட, மறுபடி ஆரம்பித்தது. பிச்சையா மூச்சு விடுகிறார் என்பதற்கு இந்த வீட்டில் உள்ள அத்தாட்சி அதுதான். மின்விசிறி, ஃபிரிட்ஜ், டியூப் லைட் எல்லாவற்றையும் இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிடச் சொல்லி எலெக்ட்ரீசியனை வைத்து மாற்றியாயிற்று, அதில் ஓடுவது கணவரின் மெஷின் ஒன்றுதான். "ஏங்க, எவ்வளவு காட்டுது?" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். சற்றுப் பொறுத்து, "தொண்ணூத்தி நாலு," என்று பதில் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற, விரலில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்னக் கருவி எப்போதும் அவர் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். தொண்ணூற்று நாலு. நல்லது. எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்காதீர்கள், கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். போகவில்லை. அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் வருஷாவருஷம் போடுகிற எரிசக்திக் கையேட்டுக்கு எண்களைத் திரட்டுகிறவள் அவள். மக்கள் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறார்கள், அதில் காற்று கொடுத்தது எவ்வளவு, வெயில் கொடுத்தது எவ்வளவு, இன்னமும் விறகு எரிக்கிற வீடுகள் எத்தனை. பிச்சையா படுத்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்கிறாள். மற்ற எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. இந்த ஒன்றுதான், தென்மாவட்டங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் சராசரியாக எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கிறது என்கிற கட்டம், நிரம்ப மாட்டேன் என்கிறது. ஓர் அறிக்கை இருபத்து நாலுக்குப் பக்கத்தில் சொல்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள் இருபதைத் தாண்டவில்லை என்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி வெளியிட்டிருக்கிறார். இந்த எண்களுக்கு அப்பா அம்மா யாரென்று தேடிப்போனால் கடைசிவரை போகவே முடியாது. போன வாரம் காற்றாலை உற்பத்திக்கு ஓர் எண் கிடைத்தது, பார்க்க லட்சணமாக இருந்தது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று போனாள், கடைசியில் போய் நின்ற இடம் அவளுடைய பழைய கையேடு. அவளே 'தோராயமானது' என்று கீழே எழுதிவைத்த எண் ஊரெல்லாம் சுற்றி, அந்த ஒரு சொல்லை வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டு, பெரிய மனுஷத் தோரணையில் அவளிடமே திரும்பி வந்திருந்தது. அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை. உள்ளே குடகுட. கேட்கிறது. நம்பாதே என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிற எண்ணை நம்பாதே, பூஜ்யத்தில் முடிகிற எண்ணை நம்பாதே, காலியாக விடக்கூடாது என்பதற்காக நிரப்பின எண்ணை நம்பவே நம்பாதே. சென்னை ஆபீஸில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பெனிட்டாவுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

அந்தப் பெனிட்டாதான் இப்போது போனில். "மேம், புக் மத்தியானம் பிரஸ்ஸுக்குப் போகுது. அந்த ஒரு செல் மட்டும்தான். இருபத்து மூணரைன்னு போட்டுடட்டுமா? நம்ம டெஃபனிஷன்படி அதானே வருது?" வருகிறதுதான். 'முன்கூட்டி அறிவிக்கப்பட்ட பராமரிப்பு நிறுத்தம் மின்தடையாகக் கொள்ளப்படாது' என்று கையேட்டின் முதல் பதிப்பில் எழுதியவள் செண்பகவல்லி. எழுதும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது. சொல்லிவிட்டுத்தானே நிறுத்துகிறார்கள், சொல்லாமல் போனால்தானே தடை. அந்த வாக்கியத்தின்படி பார்த்தால் இப்போது போயிருக்கிற கரண்ட் போகவே இல்லை. இன்வெர்ட்டர் மாறவில்லை, தெருவில் மிக்ஸி நிற்கவில்லை, அவள் நெற்றியில் வேர்க்கவில்லை. அறிவித்துவிட்டால் ஒன்று நடக்காததாக ஆகிவிடுமா? மதுரை டாக்டர் கூடத்தான் அறிவித்தார். வராந்தாவில் நிற்க வைத்து, படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டி, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிக்கொண்டே வரும், திரும்பாது, மனசைத் தயார் பண்ணிக்கோங்கம்மா என்றார். சரி டாக்டர் என்றாள். அந்தச் சரியோடு அவளுக்குள் ஏதோ ஃப்யூஸ் போய்விட்டது. "மேம்? லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன் பெனிட்டா. கொஞ்ச நேரம் பொறு. பார்த்துச் சொல்லுதேன்." "ஓகே மேம். சார் எப்படி இருக்காங்க?" "இருக்காங்க. தொண்ணூத்தி நாலு." வைத்தபிறகுதான் உறைத்தது, எப்படி இருக்கிறார் என்று கேட்டால் ஆளைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லுகிறவளாக ஆகிவிட்டாள். ஆகட்டும். எண்ணைச் சொன்னால் கேட்டவர்களுக்கும் மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியாது, பேச்சு முடிந்துவிடும்.

"செம்பகம், ஏ செம்பகம்!" மதிலுக்கு அந்தப்புறமிருந்து ஜெயக்கொடி அக்காவின் தலை. பக்கத்து வீடு. "உனக்கென்ன, மேல கண்ணாடி கண்ணாடியா நிறுத்தி வச்சிருக்க. எனக்கு ஒரு வயர் குடேன், மாவு பாதியில நிக்கி." செண்பகவல்லி இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், இன்னொரு தடவை சொன்னாள். "இல்லக்கா. லைன்ல கரண்ட் இல்லைன்னா அதும் நின்னுரும். கம்பத்துல வேலை செய்றவங்களுக்கு ஷாக் அடிச்சிரக் கூடாதுல்லா, அதுக்காக." "என்னத்தையோ போ. வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, வெயிலுல ஓடுத மெஷினு நிக்குதுன்னு சொல்லுத. அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?" "பரவாயில்லக்கா." தலை மறைந்தது. மாடியில் நீலக் கண்ணாடிகள் ஆடிமாச வெயிலை வாங்கி வாங்கிச் சும்மா வைத்துக்கொண்டிருந்தன. அவள் யோசனையில் வாங்கியது அது. மெஷின் வீட்டுக்கு வந்த கையோடு, கரண்ட் போனால் என்ன செய்வது என்று பயந்து, சோலார் போட்டுவிடலாம் என்று பிச்சையாவிடம் சொன்னாள். பேட்டரியோடு சேர்ந்தது வேறு விலை, பேட்டரி இல்லாதது எத்தனை வருஷத்தில் போட்ட பணத்தை எடுத்துத் தரும் என்று அட்டவணை போட்டே காட்டினாள். அவர் அட்டவணையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார், பேட்டரி இல்லாததே வந்தது. முதல் பராமரிப்பு நாள் வந்தபோது மாடியில் வெயில், கீழே மெஷின் நின்றது. எரிசக்திக் கையேட்டில் அத்தனை வருஷமாகக் கூரைச் சோலார் எவ்வளவு என்று எழுதிவந்தவளுக்கு அது நின்றுபோகும் என்று தெரியாது. அவளுடைய அட்டவணையில் அது நிற்பதற்கு ஒரு கட்டம் கிடையாது. அன்றைக்கு ஓடிப்போய் இன்வெர்ட்டர் வாங்கி வந்தாள். பிச்சையா குறை சொல்லாமல், "இப்பம் தெரிஞ்சுக்கிட்டோம்லா, விடு," என்றார். இன்றைக்கும் இந்த வீட்டுச் சோலார், மொத்தத் திறன் என்கிற கட்டத்துக்குள் எண்ணாக உட்கார்ந்து பளபளவென்று மின்னிக்கொண்டுதான் இருக்கிறது.

கயத்தாற்றுப் பக்கம் இந்நேரம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். ஆடியில் அங்கே நின்று பேசினால் பேச்சு காதுக்கு வராது, வாயில் மண் விழும். காற்றாலைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் போனும் ஒரு நாற்காலியும், அங்கேதான் பிச்சையா வேலை பார்த்தார். திருநெல்வேலியில் கம்பெனி ஆபீஸில் தினமும் காலையில் போனில் ரீடிங் வாங்குகிற வேலை அவளுக்கு. ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஆள் கூப்பிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். மற்றவர்களெல்லாம் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று வழுவழுவென்று சொல்வார்கள். கொட்டகைக்குள் படுத்துக்கொண்டே சொல்கிறார்கள் என்று குரலிலேயே தெரியும். ஒருத்தர் மட்டும் ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு என்பார், எழுநூற்று நாற்பத்து மூன்று என்பார். சொல்லும்போது மூச்சு வாங்கும், மெஷின் மெஷினாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மூச்சு. சொல்லி முடித்ததும், "எழுதிக்கோங்க," என்பார். ஒரு நாள் காற்று நன்றாக அடித்தும் மேலிடத்தில் நிறுத்தச் சொன்னதால் மெஷின் ஓடவில்லை, மற்றவர்கள் காற்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிச்சையா மட்டும், "காத்து இருந்துது மேடம், நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டோம். அப்படியே எழுதிக்கோங்க," என்றார். அப்படி எழுதுவதற்கு இடம் இல்லை, ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். முகம் தெரியாத அந்த மனுஷன் மேல் அன்றைக்கு வந்தது மதிப்பா வேறெதுவுமா என்று கேட்டால் இரண்டும்தான். கல்யாணப் பேச்சு எடுத்தபோது பையன் எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "பொய் சொல்லத் தெரியாதும்மா," என்றாள். வேறு தகுதி எதுவும் அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. கல்யாணமான ஒரு வாரத்தில் அவர் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்தது, 'மேடம்' போய்ச் 'செம்பகம்' வந்தது. ஏறி இறங்கின அந்த மூச்சு இப்போது கட்டிலில் இருந்து கக்கூஸ் வரைக்கும் போதவில்லை.

பயம் வர வேண்டும். வருகிறதா என்று அவள் தன்னைத் தடவிப் பார்த்தாள், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல. இல்லை. மதுரையில் இருந்த நாட்களில் பயம் இருந்தது. அந்த வார்டில் முகமூடியை இறுக்கிக் கட்டி, கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள், பிடுங்கிவிடுவார் என்று. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "இனி அங்க வேண்டாம் செம்பகம். என்ன ஆனாலும் இங்கனயே கிடக்கேன்." அவள் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். பிறகு கருவியில் எண் ஏறியது, நின்றது, ராத்திரி அலாரம் வைத்து எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தவளை அவர்தான், நீ தூங்கு, நான் பார்த்துச் சொல்லுதேன் என்றார். தூங்கினாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினாள். எழுந்து எவ்வளவு என்றாள், தொண்ணூத்தி நாலு என்றார். அந்த எண்ணின் மேல் தலையை வைத்துத்தான் இத்தனை நாளும் படுத்திருக்கிறாள். கால் வீக்கத்தைப் பார்த்தாள், தொண்ணூற்று நாலு இருக்கிறதே என்று விட்டாள். உதட்டில் ஒரு கருநிறம் தெரிந்தது, வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தாள். இரண்டு வாய் சோற்றோடு தட்டைத் தள்ளினார், வெயில் காலம் என்றாள். பயமே இல்லாமல் ஒருத்தி இப்படி உட்கார்ந்திருக்க முடியுமா என்பதுதான் பயமாக இருக்கிறது. அதுவும் பயம் இல்லை, பயத்தைப் பற்றிய ஒரு தகவல். காலிக் கட்டம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அப்போது இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. பீப், பீப். இன்னும் நேரம் இருக்கிறதே, இரண்டு மணி வரை தாங்கும் என்று எலெக்ட்ரீசியன் அடித்துச் சொன்னானே. அது புது பேட்டரிக்குச் சொன்ன கணக்கு. எழுந்து உள்ளே போனாள். மூலையில் நிற்கிற ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்குள் மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. குடகுட நின்றது. வீட்டில் அப்படி ஓர் அமைதி. "பதறாத, நிதானமா மாட்டு," என்றார் பிச்சையா, ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மூச்சு எடுத்து. பதறவில்லை. பதற்றம் வந்திருந்தால்கூட நன்றாக இருக்கும். சிலிண்டர் சாவி திரும்ப மாட்டேன் என்றது, முந்தானையைச் சுற்றித் திருகினாள், வழுக்கியது, இடது கையால் பிடித்து மறுபடி திருகினாள். அவருடைய மார்பு விருட் விருட்டென்று ஏறி இறங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. மெஷின் நின்று நேரமாகிறது, மூக்குக் குழாயில் ஒன்றும் வரவில்லை. "எவ்வளவுங்க?" என்றாள், குனிந்தபடியே, பழக்கத்தில். போர்வைக்குள் இருந்த கையை அவர் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். "தொண்ணூத்தி... நாலு."

சாவி திரும்பியது. காற்று சீறிக்கொண்டு வந்தது, குழாயை மாட்டினாள், முள் நகர்ந்தது, எல்லாம் கைகள் தாமாகச் செய்தன. அவள் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டாள். ஆக்சிஜன் ஓடும்போது தொண்ணூற்று நாலு. நின்றபோதும் தொண்ணூற்று நாலு. காலையில் கரண்ட் போவதற்கு முன்னும் அதுதான், நேற்றும் அதுதான், தூங்கி எழுந்தபோதும் சாப்பிடும்போதும் இருமி இருமிக் கண் பிதுங்கினபோதும் அதுதான். ஒரு தடவையாவது தொண்ணூற்று மூன்று? ஒரு தடவையாவது தொண்ணூற்று ஐந்து? வேறு எவன் கொடுத்திருந்தாலும் இந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தூக்கித் தூரப் போட்டிருப்பாள். ஊர் உலகத்து எண்களையெல்லாம் விளக்குப் பிடித்துப் பார்க்கிறவள், தன் வீட்டுக் கட்டிலில் இருந்து வந்த எண்ணை, அது பிச்சையா சொன்னது என்பதால், இத்தனை மாசமாக அப்படியே வாங்கி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். போர்வையை விலக்கி அவர் கையைப் பிடித்தாள். விரலில் கருவி இருந்தது. அதன் சின்னத் திரையில் ஒன்றும் இல்லை. கறுப்பு. அழுத்திப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள்.

"இது எப்பம் போச்சு?" என்றாள். பிச்சையா ஜன்னலைப் பார்த்தார். "சித்திரையிலயே... பேட்டரி தீந்துட்டு." "சொல்லிருந்தா மாத்திருப்பேன்லா?" "மாத்தினா... உள்ளதச் சொல்லணும்லா." மூச்சு எடுத்தார். "சொன்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவ. அதுவும் போக நீ அன்னைக்குத்தான்... நல்லாத் தூங்குன." செண்பகவல்லி ஹாலுக்குப் போனாள். லேப்டாப் பக்கத்தில் கிடந்த மௌஸைத் திருப்பி, நகத்தால் மூடியைப் பெயர்த்து, இரண்டு பேட்டரியையும் உருவி எடுத்தாள். மூடி கீழே விழுந்து உருண்டது. அப்போதுதான் வந்தது பயம், நல்ல பச்சையான பயம், மதுரையில் விட்டுவிட்டு வந்த அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து அவள் மேல் விழுந்தது. அவரை இழக்கப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள், காலியாகக் கிடந்த ஹாலில், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பேட்டரியைப் போட்டு, அவர் விரலில் மாட்டி, விரல் சில்லென்று இருந்ததால் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். திரையில் கோடு ஓடியது, எண்கள் தடுமாறின, ஏறின, இறங்கின, நின்றன. அவள் படிக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க வாசிங்க."

பிச்சையா நெடுநேரம் பார்த்தார். வாசலுக்கு வெளியே தெருவில் யாரோ, கரண்ட் வர இன்னும் நேரமாகும் என்று யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எண்பது என்று சொல்லியிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"எழுவத்தி ஒம்பது," என்றார். மூச்சு எடுத்தார், தகரக் கொட்டகையில் மெஷின் மெஷினாக ஏறி இறங்கிவிட்டு வந்து எடுக்கிற அதே மூச்சு. அவளை 'நீங்க' என்று அவர் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "எழுதிக்கோங்க."

செண்பகவல்லி ஒரு கையால் அவர் விரலைப் பிடித்தபடியே, மறு கையால் போனை எடுத்து நூற்றெட்டை அழுத்தினாள். பெனிட்டாவின் அழைப்பு குறுக்கே வந்தது, வெட்டிவிட்டாள். அந்தக் கட்டம் காலியாகவே அச்சாகட்டும். மறுமுனையில் ஒரு பெண் குரல், நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்டது. அவள் எண்ணைச் சொன்னாள். பிறகு, இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். "சீக்கிரம் வாங்க. எனக்குப் பயமா இருக்கு."